மணல்கோட்டகத்தின் சம்மதம்

எங்கள் அலுவலகத்தில் பேய் இருக்கிறது என்று நான் வேலையில் சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார்கள். கழிப்பறையில் தண்ணீர் வராது என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. எதை முதலில் சொல்ல வேண்டும் என்பதில் சக ஊழியர்களோடு எனக்கு எப்போதும் ஒத்துப்போனதில்லை.

பேய் குடியிருந்தது மெஷின் ரூமில். மாதத்துக்கு ஒருமுறை அங்கே ஒரு பெண் பேசுவாளாம், எட்டிப் பார்த்தால் ஆள் இருக்காதாம். வாட்ச்மேன் அந்தப் பக்கம் நாற்காலி போடமாட்டார். கம்ப்யூட்டர் அடுக்கின் கதவில் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்துத் தொங்கவிட்டிருந்தார்கள். அதை அவிழ்த்து, பிறகு ஏதாவது நடந்தால் செயலாளர்தான் பொறுப்பு என்றார்கள். செயலாளர் நான்தான். பெயர் மங்கையர்க்கரசி, படித்தது இயற்பியல். பேய்க்குப் பயப்படமாட்டேன், ஆனால் பொறுப்பு என்ற சொல்லுக்குப் பயப்படுவேன். அதனால் நானும் அவிழ்க்கவில்லை.

அலுவலகத்தின் பெயர் தாழையாற்று உள்ளாட்சிகள் கூட்டமைப்பு. ஆற்றின் கடைமடையில் இருக்கிற நடுவக்கரை பேரூராட்சியும் அதைச் சுற்றியுள்ள ஊராட்சிகளும் இதன் உறுப்பினர்கள். ஓர் ஊர் தனியாகச் செய்ய முடியாததை எல்லா ஊரும் சேர்ந்து செய்ய வேண்டும் என்பது ஏற்பாடு. குடிநீர், குப்பை, ஆம்புலன்ஸ், தெருநாய் எல்லாம் எங்கள் தலையில்தான். சேர்ந்து செய்வது என்றால் சேர்ந்து சண்டை போடுவதும் அடக்கம். குப்பைக் கிடங்கு வேண்டும் என்பதில் எல்லோரும் ஒற்றுமை, அது பக்கத்து ஊரில் வேண்டும் என்பதில் அதைவிட ஒற்றுமை.

ஆனால் இந்தக் கூட்டமைப்பை உண்டாக்கியது குப்பைக்காக இல்லை, வெள்ளத்துக்காக. கடல் மட்டம் உயர்ந்ததிலிருந்து தாழையாற்றுத் தண்ணீர் மழைக்காலத்தில் வடிவதில்லை. கரை உடையாமல் இருக்க வேண்டுமானால் எங்காவது திறந்துவிட வேண்டும். ஆற்று மதகின் வடக்கு ஷட்டரைத் தூக்கினால் தண்ணீர் நடுவக்கரை கடைத்தெருவுக்குள் போகும். தெற்கு ஷட்டரைத் தூக்கினால் மணல்கோட்டகம் ஊராட்சிக்குள் போகும். எதைத் தூக்குவது என்று கூட்டமைப்புதான் முடிவு செய்ய வேண்டும்.

ஒரு காலத்தில் அதிகாரிகள் தங்கள் இஷ்டத்துக்குத் தூக்கினார்கள். பிறகு தலைவர்கள் பேரம் பேசித் தூக்கினார்கள். இரண்டாலும் ஆட்கள் செத்தபின், எந்த ஊருக்குள் தண்ணீர் விடுவதானாலும் அந்த ஊர் கிராமசபையின் சம்மதம் வேண்டும் என்று சட்டம் வந்தது. கிராமசபைக்கு முன்கூட்டியே தண்டோரா போட்டு நாள் குறிக்க வேண்டும். வெள்ளம் நாள் பார்த்து வராது. அதனால்தான் ஊர்க்குரலைச் செய்தார்கள்.

ஊர்க்குரல் என்றால் என்ன என்பதை எனக்கு விளக்கியவர் அதைப் பராமரிக்கிற இருதயராஜ். குரலை உயர்த்தாத மனிதர், எப்போதும் கழுத்தில் ஒரு கைக்குட்டை.

"ஒவ்வொரு ஊர்லயும் கிராமசபை நடக்குறப்ப ரெக்கார்டு பண்ணி வச்சிருந்தாங்க மேடம். வருஷக் கணக்கா. அவ்வளவையும் மெஷினுக்குக் குடுத்தோம். யாரு எதுக்குக் கோவப்படுவா, எதுக்கு எறங்கி வருவா, எல்லாம் கத்துக்கிச்சு. இப்ப ஒரு கேள்வி கேட்டா, ஊரே கூடி உக்காந்தா என்ன முடிவு எடுக்குமோ அத அந்த ஊரு பேச்சுலயே சொல்லும்."

"தப்பாகச் சொன்னால்?"

"இதுவரைக்கும் எந்த ஊர்க்காரரும் தப்புன்னு சொன்னதில்ல மேடம்." சற்று யோசித்து, "எங்ககிட்ட வந்து சொன்னதில்ல" என்று திருத்திக்கொண்டார்.

மாதாந்தரச் சோதனையின்போது நானும் மெஷின் ரூமில் நின்றேன். இருதயராஜ் ஒவ்வொரு ஊரையும் ஏதாவது சில்லறைக் கேள்வி கேட்டு வந்தார். மணல்கோட்டகத்தின் முறை வந்தது. "குளத்தங்கரை விளக்க மாத்தலாமா?" என்றார். உடனே பதில் வரவில்லை. ஸ்பீக்கரில் காற்று இரைந்தது. ஒரு காக்கை, யாரோ இருமுவது, தூரத்தில் குழந்தை அழுவது. பிறகு ஒரு பெண், மிகத் தொலைவிலிருந்து, ஆனால் தெளிவாக:

"மைக்க இந்தப் பக்கம் குடுங்களேன்."

அடுத்த நொடி கனத்த ஆண் குரல் ஒன்று, "சம்மதம். ஏகமனதா நெறைவேறுது" என்றது.

கதவில் கட்டியிருந்த எலுமிச்சம்பழத்தைக் கையெடுத்துக் கும்பிடாத குறைதான்.

"அது ஒண்ணும் இல்ல மேடம்" என்றார் இருதயராஜ். "கூட்டத்துல பதிவான வெளிச்சத்தம். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவுல மெஷின் அதையும் சேத்து உண்டாக்குது. நம்ம கூட்டமைப்புக் கூட்டத்துல போடுறப்ப வெட்டிட்டுத்தான் போடுவோம். இந்த ஸ்பீக்கர் வேல பாக்குறவங்களுக்கானது, இதுல மட்டும் வெட்டாம வரும்."

பேயின் விஷயம் இவ்வளவுதான் என்று எல்லோரிடமும் சொன்னேன். யாரும் நம்பவில்லை. உண்மையில் எனக்குமே மனம் ஆறவில்லை. குளித்துக்கொண்டிருக்கும்போதும் பஸ்ஸில் நிற்கும்போதும் அந்தப் பெண் மைக்கைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். கேட்டவளுக்கு ஒருமுறையாவது கொடுத்தார்களா என்று தெரியாமல் எனக்குத் தூக்கம் கெட்டது.

ஐப்பசி பாதியில் மழை பிடித்தது. விட்டுவிட்டுப் பெய்தால் ஆறு தாங்கும், இது விடவில்லை. கரை கசிகிறது என்று காலையில் தகவல் வந்ததும் அவசரக் கூட்டம் போட்டேன். பாதி ஊர்த் தலைவர்கள் ரோடு அறுந்து வர முடியாமல் போனில் இருந்தார்கள். நேரில் வந்தவர்களில் இரண்டு பேர்தான் முக்கியம்.

ஒருவர் கூட்டமைப்பின் தலைவர் குஞ்சிதபாதம். நடுவக்கரை பேரூராட்சித் தலைவரும் அவர்தான். கடைத்தெருவில் பெரிய உரக்கடை. கெட்டவர் என்று சொல்லமாட்டேன். யார் வீட்டுச் சாவுக்கும் முதல் ஆளாகப் போய் நிற்பார். ஆனால் அவருடைய ஊர் எது என்பது அவருக்கு ஒரு நிமிடமும் மறக்காது.

இன்னொருவர் மணல்கோட்டகத்தின் தலைவர் செல்லபாப்பா. சென்ற வெள்ளத்துக்குப் பிறகு நடந்த தேர்தலில் ஜெயித்தவர், தெற்குத்தெருக்காரர். அந்தத் தெரு இருப்பது ஊரிலேயே பள்ளமான இடம். ஷட்டரைத் தூக்கினால் மேலத்தெருவில் வாசல்படி நனையும், தெற்குத்தெருவில் கூரை மூழ்கும். சென்ற வெள்ளத்தில், ஊர்க்குரல் சம்மதம் சொல்லித் தெற்கு ஷட்டரைத் தூக்கியபோது, அவருடைய தங்கை மலர்க்கொடி செத்துப்போனாள். எல்லோரும் பள்ளிக்கூட மாடிக்கு ஏறிய பிறகு, கட்டிப்போட்டிருந்த ஆட்டை அவிழ்த்துவிடத் திரும்பிப் போனவள் வரவில்லை. தலைவராக ஆனதும் செல்லபாப்பா ஊராட்சியின் பழைய ரெக்கார்டுகளைத் தேடிப் பார்த்திருக்கிறார், தங்கையின் குரல் எதிலாவது இருக்குமா என்று. எல்லாம் வெள்ளத்தில் ஊறி வீணாகிவிட்டிருந்தன.

"அந்தப் பள்ளிக்கூடமும் இப்ப இல்லீங்க மேடம்" என்றார் அவர். சேலைத் தலைப்பு ஈரத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. "இடிச்சுப்புட்டு இன்னும் கட்டல. ஏறி நிக்க மாடி கெடையாது. ரோடும் அறுந்துபோச்சு. இந்தத் தடவ தொறந்தீங்கன்னா ஆடு மாடோட நிக்காது."

"முறைன்னு ஒண்ணு இருக்குல்ல செல்லபாப்பா" என்றார் குஞ்சிதபாதம். "உன்னக் கேட்டோ என்னக் கேட்டோ தொறக்குறதில்ல. ஊரக் கேட்டுத்தான் தொறக்குறோம். மேடம், கேளுங்க."

பள்ளமான ஊரை முதலில் கேட்பது விதி. சம்மதம் வந்தால் நான் கையெழுத்துப் போட வேண்டும், போட்டதும் ஷட்டர் எழும்பும். பேனாவைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டுதான் கேட்டேன்.

"மணல்கோட்டகம் கிராமசபைக்கு. ஆற்றங்கரையைக் காப்பாற்றத் தெற்கு ஷட்டரைத் திறக்க வேண்டியிருக்கிறது. ஊருக்குச் சம்மதமா?"

"சம்மதம். ஏகமனதா நெறைவேறுது."

கேள்வி முடியும் முன்பே வந்ததுபோல இருந்தது. செல்லபாப்பா ஸ்பீக்கரையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ரோசன பண்ணக்கூட இல்லியே மேடம். ஒரு வாய் வெத்தல போடுற நேரம்கூட ஆவலியே. போன தடவையும் இப்புடித்தான் சொல்லுச்சா?"

யோசனை பண்ணியது, அதை வெட்டிவிட்டோம் என்று எப்படிச் சொல்வது? என் வேலை கையெழுத்துப் போடுவது. கரை கசிந்துகொண்டிருந்தது. ஆனாலும் பேனாவைக் கீழே வைத்தேன். "இருதயராஜ், வெட்டாம போடுங்க" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆனால் சொன்னபடி செய்தார்.

அதே கேள்வியை மறுபடி கேட்டேன். காற்று. காக்கை. இருமல். குழந்தை.

"மைக்க இந்தப் பக்கம் குடுங்களேன்."

செல்லபாப்பா எழுந்துவிட்டார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"சம்மதம். ஏகமனதா நெறைவேறுது."

"அது எங்க மலரு" என்றார் செல்லபாப்பா. அழவில்லை. சந்தையில் தொலைந்த பிள்ளையைக் கண்ட முகமாக இருந்தது. "எங்க மலரு மேடம் அது. கூட்டத்துக்குக் கூட்டம் கேப்பா. நாங்க புங்கமரத்தடியிலதான் நிப்போம். பந்தலுக்குள்ள வராதன்னு யாரும் சொன்னதில்ல. நாக்காலியும் போட்டதில்ல. இவ அங்கேருந்து மைக்கக் குடுங்கன்னு கத்துவா. உடனே அப்ப இருந்த தலைவரு, யாருக்கும் ஆச்சேபன இல்லதானன்னுப்புட்டு முடிச்சிருவாரு."

இருதயராஜ் கழுத்துக் கைக்குட்டையை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். மெதுவாகச் சொன்னார்: "அதத்தான் மேடம் இது கத்துக்கிட்டிருக்கு. அந்தச் சத்தம் வந்தா அடுத்தது தீர்மானம் நெறைவேறும். எத்தன வருஷ ரெக்கார்டுலயும் ஒரு தடவகூட மாறல. நாங்க வெளிச்சத்தம்னு நெனச்சோம். மெஷின் அதத்தான் அடையாளமா வச்சிருக்கு. அந்தப் பொண்ணு மைக்கக் கேட்டா, ஊரு சம்மதிச்சுருச்சுன்னு அர்த்தம்."

எனக்கு ஆத்திரமாக வந்தது. யார்மீது என்று சொல்லத் தெரியவில்லை. அவள் ஆட்சேபித்ததையே எடுத்து அவளைக் கொன்றிருக்கிறோம். யாரும் நினைத்துச் செய்யவில்லை, சட்டப்படி செய்திருக்கிறோம்.

குஞ்சிதபாதம் தொண்டையைச் செருமினார். "கேக்கக் கஷ்டமாத்தான் இருக்கு. யாரு இல்லன்னா. ஆனா எறந்துபோன பொண்ணு மைக்கக் கேக்குதுன்னு முறைய மாத்த முடியுமா? எறந்தவங்க ஓட்டு செல்லாதும்மா."

"சம்மதம்னு சொல்றாரே, அவரு மட்டும் உசுரோடவா இருக்காரு?" என்றார் செல்லபாப்பா. "அது சிங்காரவேலு தலைவரு கொரலு. மலருக்கு முன்னாடியே போய்ச் சேந்துட்டாரு. அவரு ஓட்டு எப்புடிங்கய்யா செல்லுது?"

குஞ்சிதபாதம் என்னைப் பார்த்தார். நான் இருதயராஜைப் பார்த்தேன். இருதயராஜ் தரையைப் பார்த்தார்.

"சரி, அப்ப வடக்கக் கேளுங்க" என்றார் குஞ்சிதபாதம் கடைசியில். "எங்க ஊரயும் வெட்டாமத்தான் கேளுங்க. பாக்குறேன்."

நடுவக்கரையைக் கேட்டேன். அங்கே காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. காற்றும் காக்கையும் கிடையாது, மின்விசிறிச் சத்தம் மட்டும். உடனே ஒரு வயதான குரல், வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, அழுத்தமாகச் சொன்னது: "ஆச்சேபனை. கடைத்தெருவுக்குள்ள தண்ணி வுடுறதுக்கு நான் இருக்குற வரைக்கும் ஒத்துக்க மாட்டேன்."

எல்லோருக்கும் தெரிந்த குரல். குஞ்சிதபாதத்தின் அப்பா தில்லைநாயகம், அந்தக் காலத்துப் பேரூராட்சித் தலைவர். நான் இருக்கிற வரைக்கும் என்று சொன்னவர் போய்ப் பல வருடம் ஆகிறது. அவருடைய படம், காய்ந்த மாலையோடு, அந்தக் கூட்ட அறைச் சுவரில்தான் மாட்டியிருந்தது.

குஞ்சிதபாதம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மழை ஜன்னலில் அடித்துக்கொண்டிருந்தது. செல்லபாப்பா விழுந்த நாற்காலியை நிமிர்த்திப் போட்டுவிட்டு, உட்காராமல் அதன் முதுகைப் பிடித்தபடி நின்றார். அவர் கெஞ்சவில்லை. கெஞ்சியிருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"எங்கப்பா முன்னாடி நான் எதுத்துப் பேசுனதே கெடையாது மேடம்" என்றார் குஞ்சிதபாதம். "இன்னிக்கும் அந்தக் கொரலக் கேட்டா கையக் கட்டிக்கத் தோணுது. பாருங்க." உண்மையாகவே கையைக் கட்டியிருந்தார். அதை அவிழ்த்தார். "கடைத்தெருவுல எவ்வளவு ஏறும்?"

"இடுப்பளவு" என்றேன். "மாடி இல்லாத கட்டடம் அங்கே குறைவு. பொருள்தான் போகும். ஆள் தப்பிக்கலாம்."

"எல்லாரையும் மாடிக்கு ஏறச் சொல்லி மைக் போடுங்க. வடக்கு ஷட்டரத் தூக்குங்க. மெஷினு சொல்லுச்சுன்னு எழுத வேணாம். குஞ்சிதபாதம் சொன்னான்னு எழுதுங்க. வர்றது எம்மேல வரட்டும்."

சட்டப்படி அது செல்லாது. நான் கையெழுத்துப் போட்டேன்.

தண்ணீர் கடைத்தெருவில் புகுந்து, வடிய ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. உரமூட்டைகள் கரைந்து தெருவே நாறியது. என் வாடகை வீட்டில் கட்டில் மிதந்தது. யாரும் சாகவில்லை. ஆனாலும் குஞ்சிதபாதத்தை மாலை போட்டு வரவேற்கவில்லை. சொந்த ஊரை மூழ்கடித்தவன் என்று அவருடைய வீட்டுச் சுவரிலேயே எழுதினார்கள். அவர் அதை அழிக்கச் சொல்லவில்லை. என்மேல் விசாரணை வந்தது, இன்னும் நடக்கிறது.

அடுத்த கூட்டத்தில் செல்லபாப்பா ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். எல்லா ஊர்க்குரல்களையும் அழித்துவிட வேண்டும், செத்தவர்களை வைத்து இருப்பவர்களை ஆளக்கூடாது. இனி வெள்ளக் காலத்துக்கு முன்பே ஒவ்வொரு ஊரிலும் தெருத்தெருவாக உட்கார்ந்து கேட்டுவைக்க வேண்டும், மைக் நடந்து போக வேண்டும். ரெக்கார்டுகள் எங்காவது இருந்தால் நாளைக்கே வேறொருவன் இதைத் திரும்பச் செய்வான் என்று இருதயராஜ் சொன்னதால், மற்ற ஊர் ரெக்கார்டுகளோடு மெஷின் கற்றுவைத்திருப்பதையும் மிச்சமில்லாமல் அழிப்பது என்று முடிவானது. எல்லோரும் வாய்திறந்து ஆம் என்று சொல்ல வேண்டும் என்று செல்லபாப்பா பிடிவாதம் பிடித்தார். சொன்னார்கள். கடைசியாக அவரும் சொன்னார். சொல்லும்போது மட்டும் குரல் இறங்கிவிட்டது. ஏனென்று எனக்கு அப்போதே புரிந்தது. மலர்க்கொடியின் குரல் இந்த உலகத்தில் மிச்சமிருந்தது அந்த மெஷினுக்குள் மட்டும்தான்.

அழிக்கிற அன்று முற்பகலில் செல்லபாப்பா வந்தார். நல்ல சேலை கட்டியிருந்தார். குஞ்சிதபாதமும் வந்தார், ஆனால் மெஷின் ரூமுக்குள் வர முடியவில்லை. வராந்தாவில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய அப்பாவை இருதயராஜ் முதலிலேயே முடித்துவிட்டிருந்தார். முடிந்ததா என்று கேட்டு, ஆமாம் என்றதும் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஒரு வாட்டி கேட்டுக்கிறேன் மேடம்" என்றார் செல்லபாப்பா. "சும்மா போட முடியுமா?"

"சும்மா வராதும்மா" என்றார் இருதயராஜ் சங்கடத்தோடு. "சபையக் கேக்குற மாதிரி ஏதாச்சும் கேட்டாத்தான் பேசும். நீங்களே கேளுங்க. இப்ப நீங்கதான தலைவரு."

மைக்கை அவர் கையில் கொடுத்தார். செல்லபாப்பா அதை வாங்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். என்ன கேட்பது? விளக்கு, சாக்கடை, ஷட்டர் எதைக் கேட்டாலும் தங்கை மறுபடி மைக்கைக் கேட்டுக் கத்த வேண்டும், மறுபடி அவளுக்கு அது கிடைக்காமல் போக வேண்டும். அதை இன்னொரு தடவை கேட்க எனக்கே திராணி இல்லை.

செல்லபாப்பா மைக்கை வாயருகே கொண்டுபோனார்.

"மணல்கோட்டகம் சனங்களுக்குச் சொல்லிக்கிறேன். தெற்குத்தெருவுல ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆவல. எல்லாரும் இருக்கோம். கூட்டத்த முடிச்சுக்கலாமா?"

காற்று இரைந்தது. காக்கை. இருமல். ஜமுக்காளத்தை உதறுகிற சத்தம், செருப்புகளின் சரசரப்பு. பிறகு அந்தக் குரல், இந்த முறை கத்தாமல், சலிப்பும் சிரிப்புமாக, கிட்டத்தில்:

"யக்கா, எவ்வளவு நேரம் நிப்ப? வா, வூட்டுக்குப் போவலாம்."

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. இருதயராஜ் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எப்பவும் இப்புடித்தான் மேடம்" என்றார் செல்லபாப்பா, ஸ்பீக்கரை விட்டுப் பார்வையை எடுக்காமல். "கூட்டம் முடிஞ்சாலும் நான் அவருகிட்ட இவருகிட்டன்னு சொல்லிக்கிட்டே நிப்பேன். அவளுக்குப் பொறுக்காது."

"சம்மதம்" என்றது சிங்காரவேலுவின் குரல்.

"வர்றேன்டி" என்று மைக்கில் சொல்லிவிட்டு, செல்லபாப்பா அதை இருதயராஜிடம் திருப்பிக் கொடுத்தார்.